மூட்டைகளை எண்ண முடியாது

ஃபிகிக்,
12 அக்டோபர் 1968

அன்புத் தம்பி கத்தூருக்கு,

அக்கா ரப்ஹாவின் ஸலாம். பாரிஸ் குளிரும் அங்கே நீங்கள் தின்கிற டப்பா மீனும் உன் வயிற்றை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே மௌலூத் அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. யம்னா மதினிக்கு மூட்டு வலி, வாய் மட்டும் சுகம். எனக்கு ஒன்றுமில்லை.

பேரீச்சங்கன்றுகள் இருபதும் நன்றாக இருக்கின்றன. வெயில் காலம் முழுக்க ஒரு தண்ணீர் முறையைக்கூடத் தவறவிடவில்லை. சுவர் ஓரத்துக் கன்று இரண்டு மட்டும் கொஞ்சம் சோம்பேறி, மற்றதெல்லாம் என் இடுப்பளவு வந்துவிட்டன.

இது மூன்றாவது குளிர்காலம். ஞாபகமிருக்கிறதா? ஊர் ஜமாஅத் முன்னால் நாம் பேசியதைத் திரும்பச் சொல்கிறேன், கோபிக்காதே. கீழ்த்தோட்டம் உன்னுடையது. கன்றுகள் என்னுடையவை, என்னைத் தலாக் சொன்னவன் மஹருக்குப் பதிலாகக் கொடுத்தவை. நான் அவற்றை உன் மண்ணில் நட்டு மூன்று குளிர்காலம் காப்பாற்ற வேண்டும். மூன்றாவது குளிர் முடிந்ததும் ஜமாஅத் வந்து எண்ணும். பாதிக்கு மேல் பச்சைக் குருத்தோடு நின்றால் தோட்டத்தில் பாதி எனக்கு. நிற்காவிட்டால் இல்லை.

அந்தப் பாதி எனக்கு எதற்கென்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் நான் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறேன். மதினி சர்க்கரைக் கட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறாள். எனக்கு அந்தத் தோட்டத்து மூலையில் ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, கதவின் சாவி என் இடுப்பில். வேறு எதுவும் வேண்டாம்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். கோணிச் சாக்கு அனுப்பு. உங்கள் தொழிற்சாலையில் குப்பையாகக் கிடக்கிறது என்று நீதானே சொன்னாய். கன்றுகள் பெரிதாகிவிட்டன, குளிருக்குச் சுற்றிக் கட்டும் பழைய சாக்குகள் தலைக்கு எட்டவில்லை. அப்புறம், எண்ணிக்கையைக் கிழவிக் குளிர் போன பிறகு வைக்கும்படி ஜமாஅத்துக்கு ஒரு வரி எழுது. மார்ச்சில் வரும் அந்தக் கடைசிக் குளிருக்கு முன்னால் கட்டை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அல்லாஹ் உன் கையைக் காக்கட்டும், அந்தக் கையால் சீக்கிரம் பதில் எழுது.

அக்கா ரப்ஹா

*

நாந்தேர், பாரிஸ்,
9 நவம்பர் 1968

என் அருமை அக்காவுக்கு,

தம்பி கத்தூரின் ஸலாம். அண்ணனுக்கும் மதினிக்கும் தெருவில் என்னை விசாரிக்கிற ஒவ்வொருவருக்கும் ஸலாம். நான் சுகம். நடுவில் இருமல் வந்தது, போய்விட்டது.

இங்கே இப்போதே விடிவதில்லை அக்கா. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறோம். எங்கள் அறையில் இருக்கிற அல்லால் ஒரு கோழி வாங்கி வந்தான். சமைக்கத் தெரியாமல் அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனான். எழுந்து பார்த்தால் கரி. "கோழி செத்தும் நம்மள பழி வாங்குதுடா" என்று சொல்லி அழுதான். அறையே சிரித்தது. உன் கூஸ்கூஸை நினைத்துக்கொண்டு ரொட்டியைத் தின்றோம்.

உனக்கு ஒரு நீலத் தாவணி அனுப்பியிருக்கிறேன், நம் ஊர் ஹம்மூ அங்கே வரும்போது கொண்டுவருவான். மதினிக்கும் ஒன்று. அவளுடையது கொஞ்சம் பெரியது, தப்பாக நினைக்காதே, கடையில் அதுதான் இருந்தது.

கன்றுகள் நன்றாக இருப்பது கேட்டு மகிழ்ச்சி. உன் கை பட்டால் எதுவும் வளரும். எண்ணிக்கைக்கு என்ன அவசரம், எல்லாம் நல்லபடியாக நடக்கும். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

உன் துஆவில் என்னை மறக்காதே.

உன் கத்தூர்

*

ஃபிகிக்,
27 நவம்பர் 1968

தம்பிக்கு,

ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. இருட்டு வேலையோடு நீ எப்படி நோன்பு பிடிக்கிறாய் என்று கவலை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தாவணி வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது சாக்கு.

எண்ணிக்கைக்கு அவசரம் என்று நான் சொல்லவில்லை. அவசரப்படக் கூடாது, தள்ளி வைக்கச் சொல் என்றுதான் எழுதினேன். கடிதத்தை நீ படித்தாயா, இல்லை அல்லால் படித்துக் கதையாகச் சொன்னானா?

இங்கே வாய்க்கால் ஓரத்தில் காலையில் கண்ணாடிபோல் உறைய ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் முழுக்கக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்து நார்க்கயிறு சுற்றி, அதன்மேல் காய்ந்த மட்டை அடுக்கி, பன்னாடை திணித்து, மேலே சாக்கு. குருத்து மூச்சுவிட உச்சியில் ஒரு கை நுழையும் அளவு திறப்பு. பதினொன்றுக்குத்தான் சாக்கு போதும். மிச்சத்துக்கு என்ன செய்தேன் தெரியுமா? உனக்காகத் தறியில் நெய்துகொண்டிருந்த கம்பளி புர்னூஸ் அங்கியை அறுத்தேன். பாதிதான் ஆகியிருந்தது. தோள் பாகம் இரண்டு கன்றுக்கு வந்தது, முதுகு பாகம் மூன்றுக்கு. மீதிக்கு அம்மாவின் பழைய கூடாரத் துணி. நீ இந்த வருடமும் அந்த மெல்லிய கோட்டில் நடுங்கு.

மதினி சுவர்மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏ ரப்ஹா, புருஷனுக்குப் போத்தி விட்டிருந்தா அவன் உன்ன விட்டுருக்கமாட்டான். மரத்துக்கு எதுக்குடி இந்தச் சீராட்டு?" என்றாள். "மரம் திருப்பிப் பேசாது மதினி, அதான்" என்றேன். அன்று நோன்பு திறக்க எனக்கு சூப் கொஞ்சம்தான் கிடைத்தது.

ஜமாஅத்துக்கு ஒரு வரி. மறக்காதே. பெருநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்து.

அக்கா

*

நாந்தேர்,
18 டிசம்பர் 1968

அக்காவுக்கு,

ஈத் முபாரக். இங்கே பெருநாளுக்கு விடுமுறை கிடையாது, மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லப்போகிறோம், மொத்த வரிசைக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி. நீ கோபமாக இருக்கிறாய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. புர்னூஸ் போனால் போகட்டும்.

உனக்கு இத்துடன் ஒரு தெர்மாமீட்டர் அனுப்புகிறேன். அதைத் தோட்டத்துச் சுவரில் மாட்டினால் குளிர் எவ்வளவு என்று காட்டும். சிவப்புக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆபத்து. இங்கே எல்லார் வீட்டு ஜன்னலிலும் இருக்கிறது. கண்ணாடி, கவனமாகப் பிரி.

மற்ற விஷயங்களில் அண்ணன் ஏதாவது சொன்னால் அவர் சொல்படி கேள் அக்கா. அவர் வீட்டுக்குப் பெரியவர், எல்லோருடைய நன்மைக்கும்தான் சொல்வார்.

வேலைக்கு மணி ஆகிவிட்டது. முத்தங்களுடன்,

கத்தூர்

*

ஃபிகிக்,
16 ஜனவரி 1969

தம்பிக்கு,

ஸலாம். சுகமாக இரு.

தெர்மாமீட்டர் உடையாமல் வந்தது. குளிர் எவ்வளவு என்று என் விரலுக்கே தெரியும் கத்தூர், வெடிப்பில் ரத்தம் வருகிறது. சாக்குக் கேட்டவளுக்குக் குளிரை அளக்கக் கண்ணாடி அனுப்பியிருக்கிறாய். மதினி அதை வாங்கி அடுப்படியில் மாட்டிவிட்டாள். அங்கே எப்போதும் வெயில்காலம்தான்.

இப்போது கேள். நேற்று மஸியான் ஹாஜியார் தோட்டத்துக்கு வந்தார். ஜமாஅத்துக்கு அவர்தானே தலைவர். மட்டைகளை இறுக்கிக்கொண்டிருந்தேன். சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ரப்ஹா புள்ளே, பிப்ரவரி ஏழு, ஜும்ஆ முடிஞ்சு எண்ண வர்றோம். அவுத்து வெச்சிரு" என்றார்.

"கிழவிக் குளிர் போகலையே ஹாஜியார்?"

"நாப்பது நாள் குளிர் முடிஞ்சிரும்ல? மூணாவது குளிர் முடிஞ்சதும்னுதான பேச்சு. உந்தம்பி அப்படித்தான் எழுதிருக்கானாம். மௌலூத் சொன்னாப்ல."

"கட்டோட எண்ணிக்கங்க. இருபது இருக்கு."

"மூட்டைய எண்ண முடியாதும்மா. உள்ள வைக்கோலா குருத்தான்னு யாருக்குத் தெரியும்? பச்சை கண்ணுல படணும்."

அவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. உன்னைக் கேட்கிறேன். நான் மூன்று மாதமாக ஒரு வரி கேட்கிறேன். எனக்கு எழுத உனக்கு நேரமில்லை, அண்ணனுக்கு எழுத நேரமிருக்கிறது. பிப்ரவரியில் திற என்று நீ சொன்னாயா, சொல்லவில்லையா? திறந்தால் அதன்பின் வருகிற குளிரில் சாகும். திறக்காவிட்டால் ஒன்றுகூட இல்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள். பேரீச்சை மரத்தடியில் பிறந்தவனுக்கு இது தெரியாதா?

ஆம் என்றோ இல்லை என்றோ எழுது. கோழிக் கதை வேண்டாம்.

ரப்ஹா

*

நாந்தேர்,
30 ஜனவரி 1969

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். உன் கை வெடிப்புக்குக் களிம்பு அனுப்புகிறேன். இரவில் தடவிக்கொண்டு துணி சுற்றிக்கொள்.

நீ நினைப்பதுபோல் ஒன்றுமில்லை. எப்படியும் எண்ணத்தான் போகிறார்கள், சீக்கிரம் முடிந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று அண்ணன் எழுதினார். எனக்கும் சரியென்று பட்டது. இந்த வருடம் குளிர் அதிகமில்லை என்றும் எழுதியிருந்தார். நீ எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிறாய். சின்ன வயதிலும் அப்படித்தான், ஆடு வேலி தாண்டினால் ஊரே கொள்ளை போனதுபோல் கத்துவாய்.

எனக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது அக்கா. சில காரியங்களை ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கிறது. நேரில் வரும்போது பேசுவோம். கடிதத்தில் எல்லாம் எழுத முடியாது.

நல்லதே நடக்கும்.

கத்தூர்

*

ஃபிகிக்,
11 பிப்ரவரி 1969

தம்பிக்கு,

ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்கிறேன்.

உன் கடிதம் எண்ணிக்கை முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தது. நீ எழுதாத காரியத்தை மதினி சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "என் தங்கச்சி ஸ்லீமா வாழ வர்ற தோட்டம். எங்க வாப்பா முழுத் தோட்டம்னு கேட்டுதான் பொண்ணு குடுக்கச் சம்மதிச்சாரு. பாதிய பிச்சு நாத்தனாருக்கு வெக்கிறதுக்கா?" என்றாள். உனக்குக் கல்யாணம் என்று ஊரில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான். ஸ்லீமா நல்ல பெண், அவளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எனக்கு எரிகிறது உன் கோழையான வாயை நினைத்து.

எண்ணிக்கை எப்படி நடந்தது என்று கேள். ஐந்து பேர் வந்தார்கள், மௌலூத் அண்ணனும் சேர்த்து. ஒரு கன்றையும் நான் திறந்து வைக்கவில்லை. ஹாஜியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னம்மா இது?" என்றார்.

"பச்சை கண்ணுல படணும்னீங்க. படும். எல்லாம் ஒண்ணா படணும்னு பேச்சு இல்லையே" என்றேன்.

முதல் கன்றை அவிழ்த்தேன். கயிறு, சாக்கு, மட்டை, பன்னாடை. ஓலைகளை விரித்துக் குருத்தைக் காட்டினேன். பிள்ளையின் விரல்போலப் பச்சையாக நின்றது. ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள். "ஒண்ணு" என்றார் ஹாஜியார். நான் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். முழுதாகக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் இரண்டாவது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காற்று கத்தியாக வந்தது. புர்னூஸின் தலைத்துணியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாவது கன்றில் ஒருவர், "தங்கச்சி, கொஞ்சம் கைய ஓட்டும்மா" என்றார். "குருத்து ஒடிஞ்சா நீங்க ஒட்டவெச்சுத் தருவீங்களா காக்கா?" என்றேன். ஏழாவதில் ஹாஜியார் தும்மினார். எட்டாவதில் அண்ணன் கத்தினார்: "வேணும்னே பண்றாடா இவ! பெரியவங்கள நிக்கவெச்சு வேடிக்கை பாக்கறா!" ஆமாம், கொஞ்சம் வேண்டுமென்றேதான். மூன்று வருடம் நான் நின்ற இடத்தில் ஒரு பொழுது நிற்கட்டுமே என்று நினைத்தேன்.

அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. பத்தாவதைக் கட்டி முடித்தபோது வெயில் போய்விட்டது. பதினோராவது கன்றின் கயிறு என் கையில் இருந்தது. மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் பல் கிட்டித்துப்போய், "போதும்மா, மீதி அடுத்த வெள்ளி பாத்துக்கலாம்" என்று கிளம்பினார். நானும் தலையாட்டினேன். அண்ணன் சும்மா இருப்பாரா? "ஒரு நாளுன்னுதான் குறிச்சது. பத்து கண்ணுல பட்டுது. பத்துன்னா பாதி. பாதிக்கு மேலன்னு பேச்சு" என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், யாரும் மறுக்கவில்லை. குளிரில் வாய் திறக்கவே யாருக்கும் பிரியமில்லை.

ஹாஜியாருக்கு இப்போது நெஞ்சுச் சளி. படுக்கையில் கிடக்கிறார். பார்க்கப் போனேன். "மண்ணுக்காரன் சரின்னு ஒரு வரி எழுதட்டும், நான் எழுந்ததும் மீதிய எண்ணிப்புடறேன்" என்று இருமலுக்கு நடுவில் சொன்னார்.

மண்ணுக்காரன் நீ. ஒரு வரி. "மீதியை எண்ணட்டும்." கேட்பது அவ்வளவுதான். ஸ்லீமாவைக் கட்டிக்கொள், சந்தோஷமாக இரு, நான் வந்து குலவையிடுகிறேன். ஆனால் அந்த ஒரு வரியை எழுது.

அக்கா

*

ஃபிகிக்,
2 மார்ச் 1969

கத்தூருக்கு,

ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் போயிற்று. உன் பெயரிலும் துஆ கேட்டேன், பழக்கதோஷம்.

பதில் இல்லை. தபால் தாமதம் என்று ஒரு வாரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நேற்று மௌலூத் அண்ணனுக்கு உன்னிடமிருந்து பார்சல் வந்தது. கல்யாணத் துணி. தபால் நன்றாகத்தான் ஓடுகிறது.

கிழவிக் குளிர் இந்த வருடம் முந்திக்கொண்டு வந்தது. மூன்று நாள். பிர்காத் தொட்டியில் தண்ணீர் மேலே தட்டுப் பிடித்து நின்றது, கழுதை குடிக்கக் கல்லால் உடைத்தோம். நான் மாலையிலேயே தண்ணீர் முறையை வாங்கி எல்லாப் பாத்தியையும் நிரப்பினேன், ஈரமண் சூடு காக்கும் என்று. ஈரவைக்கோல் கொளுத்திப் புகை போட்டேன். ஒரு கன்றில் கூடாரத் துணி கிழிந்து காற்று உள்ளே போய்விட்டது. அது பிழைக்காது என்று நினைக்கிறேன்.

ஊரில் மற்றவர்கள் கதை கேட்டால் வயிறு எரியும். பக்கத்துத் தோட்டத்துத் தம்மூவை உனக்குத் தெரியும், தாயோடு தனியாக இருப்பவள். ஜமாஅத்தே எண்ணப் போனதைப் பார்த்து, குளிர் முடிந்ததென்று எல்லாக் கன்றையும் அவிழ்த்துவிட்டாள். ஒன்றும் மிஞ்சவில்லை. குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, அழுகின நாற்றம். சுவர்மேல் உட்கார்ந்து அழுதாள். "உன்ன பாத்துதான்டி எல்லாரும் திறந்தோம். எண்ணிட்டாங்க, குளிர் போச்சுன்னு" என்றாள். நீயும் அண்ணனும் தேதியை முன்னால் இழுத்தது அவள் தோட்டத்தில் போய் விழுந்தது.

வரி எழுது.

ரப்ஹா

*

ஃபிகிக்,
21 மார்ச் 1969

கத்தூருக்கு,

ஸலாம். இன்று எல்லாவற்றையும் அவிழ்த்தேன். பத்தொன்பது உயிரோடு இருக்கிறது. எல்லாம் புதுக்குருத்து விட்டிருக்கிறது. ஊரில் நம் தோட்டம் மட்டும்தான் பச்சை, ஜனங்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள்.

ஹாஜியார் எழுந்து நடமாடுகிறார். உன் வரிக்குக் காத்திருக்கிறார். எழுத மனமில்லை என்றால் அதையாவது எழுது. இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா

*

நாந்தேர்,
9 ஏப்ரல் 1969

என் அக்காவுக்கு,

ஸலாம். இதை எழுதுவதற்கு எத்தனை தாள் கிழித்தேன் என்று அல்லாலைக் கேள். நீ என்னைத் திட்டியதெல்லாம் சரிதான். கல்யாண விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தை நினைத்தாலே பேனா நின்றுவிட்டது.

ஸ்லீமாவின் வாப்பா பிடிவாதமாக இருக்கிறார். தோட்டம் முழுதாக இருந்தால்தான் பெண் என்கிறார். நான் இந்த அறையில் ஏழு ஆண்களோடு எட்டு வருடமாகப் படுத்திருக்கிறேன். எனக்கு ஒரு வீடு வேண்டும் அக்கா. நீ கதவு கதவு என்று எழுதும்போது எனக்கும் அதேதான் வேண்டும் என்று தோன்றும், ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது?

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதிக்கு மேல் எண்ணப்படவில்லை. ஆகவே நம் உடன்படிக்கை நிறைவேறவில்லை. அப்படி ஒரு பேச்சே நமக்குள் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. அதற்காக உன்னைக் கைவிடுவேனா? நீ எப்போதும்போல் தோட்டத்தைப் பார்த்துக்கொள். காய்க்கத் தொடங்கியதும் உனக்குப் பிடித்த இரண்டு மரங்களின் பழத்தை நீயே எடுத்துக்கொள், நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

ஊர் முழுக்க அழிந்து நம் கன்றுகள் மட்டும் தப்பியதில் பெண் வீட்டாருக்கு ரொம்பப் பெருமையாம். ஆகஸ்டில் விருந்தை அந்தத் தோட்டத்திலேயே, கன்றுகளுக்கு நடுவில் பாய் விரித்து வைக்கலாம் என்று கேட்கிறார்கள். நானும் சரியென்று சொல்லிவிட்டேன். நீ இருந்து எல்லாவற்றையும் அலங்கரித்துக் கொடுப்பாய் என்று நம்புகிறேன்.

என்னை மன்னித்துவிடு. உன் துஆ இல்லாமல் இந்தக் கல்யாணம் நடக்காது.

கத்தூர்

*

ஃபிகிக்,
4 மே 1969

தம்பி கத்தூருக்கு,

ஸலாம். உடம்பு சுகமா? எனக்கு முதுகு ஒடிந்துபோய் இருக்கிறது, மற்றபடி நான் சுகம். இத்தனை மாதம் கழித்து நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். ஜமாஅத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அந்த இடத்தைச் சத்தமாகப் படித்தேன்: 'அப்படி ஒரு பேச்சே நமக்குள் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.' நீ எனக்கு எழுதியதிலேயே நேராகச் சொன்ன வாக்கியம் அதுதான், அதனால் இரண்டு முறை படித்தேன்.

"பேச்சே இல்லன்னு மண்ணுக்காரனே சொல்லிட்டான் ஹாஜியார். அப்ப அந்தக் கன்னு யாரோடது?" என்று கேட்டேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். "மஹருக்கு வந்த கன்னு. பேச்சு இருந்தா அவன் மண்ணோட சேரும். பேச்சே இல்லன்னா ஒன்னோடதுதான். அடுத்தவன் மண்ணுல சும்மா நிக்குது. எடுத்துக்கிட்டுப் போ" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மௌலூத் அண்ணன் மட்டும் அங்கே இல்லை.

மறுநாளே தோண்ட ஆரம்பித்தேன். வேர் அறுபடாமல் சுற்றிலும் மண் உருண்டையோடு எடுக்க வேண்டும், மூன்று வருடக் கன்று லேசானதா? தம்மூவும் அவள் தாயும் வந்தார்கள். பழைய கதவுப் பலகையில் வைத்துக் கழுதையை விட்டு இழுத்தோம். மதினி தெருவில் வந்து நின்று, "ஐயோ, கல்யாணத் தோட்டத்தைக் கொள்ளையடிக்கிறாளே!" என்று கத்தினாள். "நீங்களும் ஒரு கை பிடிங்க மதினி, சீக்கிரம் முடியும்" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்தொன்பதும் இப்போது தம்மூவின் தோட்டத்தில் நிற்கிறது. அவளிடம் மண்ணும் தண்ணீர் முறையும் இருக்கிறது, மரம் இல்லை. என்னிடம் மரம் இருக்கிறது. ஜமாஅத் முன்னால் புதிதாகப் பேசிக்கொண்டோம், மறுபடி மூன்று குளிர்காலம். எண்ணிக்கை கிழவிக் குளிருக்குப் பின்னால் என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். இடம் மாற்றியதில் நாலைந்து செத்துப்போகலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் முழுக்க அழுதேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு அவர்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வெங்காயம் இல்லாத அறை.

உனக்கும் வீடு வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது உன்மேல் பரிதாபம் வந்தது கத்தூர். போன அக்டோபரிலேயே அதை எழுதியிருந்தால் நாம் இருவரும் உட்கார்ந்து ஒரு வழி பேசியிருப்போம். நான் உன் அக்கா, கடன்காரி இல்லை.

கல்யாணத்துக்கு என் துஆ உண்டு, மனதாரச் சொல்கிறேன். முழுத் தோட்டமும் உனக்குத்தான், மாமனாரிடம் தைரியமாகச் சொல். செத்த கன்று ஒன்றை அங்கேயே விட்டிருக்கிறேன், விருந்துக்கு அலங்காரம் செய்ய. குழிகளை நான் மூடவில்லை. பத்தொன்பதும் முழங்காலுக்கு மேல் ஆழம். பெண் வீட்டாரைப் பார்த்து நடக்கச் சொல்.

உன் அக்கா
ரப்ஹா